கோழித் தீவனத்தில் மஞ்சள் சேர்க்கலாமா?

சென்ற பங்குனியில் நம் சரகத்துச் சங்கமொன்றின் பொதுச்சபைக் கூட்டத்தில் பார்வையாளராக அமர்ந்திருந்தோம். ஈரோட்டிற்குத் தெற்கே, தறிச் சத்தமும் மஞ்சள் காயும் களமும் கோழிக் கொட்டகையும் அடுத்தடுத்து அமைந்த ஊர் அது. வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டு, அங்கத்தினர்கள் எழுந்திருக்கும் தறுவாயில், மஞ்சள் பயிரிடுவோர் சிலர் தீர்மானம் ஒன்றைக் கொணர்ந்தனர். உடைந்த விரலியையும், சந்தையில் கடைசி விலைக்குப் போகும் கிழங்கையும் சங்கமே வாங்கி அரைத்து, மிளகும் பூண்டும் ஓமமும் கூட்டிப் பொட்டலமாக்கி, பிராய்லர் எனப்படும் இறைச்சிக்கோழி வளர்க்கும் அங்கத்தினர்களுக்குத் தீவனச் சேர்மானமாக விற்க வேண்டும் என்பது அதன் சாரம். அரவை இயந்திரத்திற்கும் முதற் கொள்முதலுக்கும் சங்கத்தின் பொது நிதியிலிருந்து பணம் ஒதுக்க வேண்டும் என்றும் கோரியிருந்தனர்.

வழக்கமாக இத்தகைய தீர்மானங்கள் கைதட்டலோடு நிறைவேறிவிடும். மஞ்சள் நம்முடையது, கோழியும் நம்முடையது, இரண்டையும் சேர்ப்பதில் யாருக்கு என்ன தடை? ஆனால் பின்வரிசையிலிருந்து முதிய நெசவாளர் ஒருவர் எழுந்தார். "நூல் வாங்கினால் நாங்கள் எண் பார்த்து வாங்குகிறோம். இந்தப் பொடிக்கு எண் எது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். சபையில் சிலர் சிரித்தனர். விடை மட்டும் ஒருவரும் கூறவில்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. நம் அபிப்பிராயத்தை எழுதித் தருமாறு செயலாளர் கேட்டிருக்கிறார். இதே யோசனை வேறு சில சங்கங்களிலும் எழுந்திருப்பதாக அறிவதால், அவருக்கு எழுதுவதை எல்லா அங்கத்தினர்களும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறோம்.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. மஞ்சளையும் மிளகையும் கோழித் தீவனத்தில் சேர்ப்பது மூடத்தனமன்று. அதற்கு நியாயமான ஆதாரம் உண்டு. ஆயினும் இயந்திரம் வாங்கும் முன்னர், மூன்று பேட்ச் கோழிகளையாவது நம் கொட்டகையிலேயே நிறுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை பொது நிதியிலிருந்து பெரும் பணம் வெளியே போகலாகாது.

இந்த யோசனை இப்போது எங்கும் பேசப்படுவதற்குக் காரணம் உண்டு. 1950ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில், ஆரியோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தைத் தயாரித்த பின் மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சக்கையில் உள்ள வைட்டமினுக்காகக் கொடுத்தது. ஆனால் வைட்டமினால் மட்டும் வரக்கூடிய வளர்ச்சியைவிடக் குஞ்சுகள் அதிகமாக வளர்ந்தன. அதில் ஒட்டியிருந்த மருந்தே காரணம் என்று தெரிய வந்தது. அன்று முதல் நோயில்லாத கோழிக்கும் தினந்தோறும் சிறிதளவு மருந்தைத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. கோழி விரைவில் எடை கூடியது, தீவனம் மிச்சமாயிற்று. அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். சிறிதளவு மருந்தில் பலவீனமான கிருமி மடிகிறது. அதைத் தாங்கிய கிருமி பிழைத்துப் பெருகுகிறது. பின்னர் அக்கிருமி மனிதனைப் பற்றும்போது ஆஸ்பத்திரியில் அதே மருந்து பயனற்றுப் போகிறது.

இதை உணர்ந்து ஸ்வீடன் நாடு 1986இல் வளர்ச்சிக்காக மருந்து கலப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006 ஜனவரி 1 முதல் தடை வந்தது. நம் நாட்டில், மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கப்படும் கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடுத்தது. மருந்து விலகிய இடத்தை நிரப்ப உலகத்தார் தேடியபோது அவர்கள் கண்ணில் பட்டவைதான் இலை, வேர், பட்டை, விதை ஆகியவை. ஐரோப்பியர் ஆரிகானோ என்னும் தம் இலையை நாடினர். அந்த இலையின் எண்ணெயில் உள்ள தைமால் என்னும் பொருள் நம் வீட்டு ஓமத்திலும் நிறைய உண்டு. குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமநீர் கொடுத்த நம் மூதாட்டியர், தைமால் என்ற பெயரை அறியாமலேயே அதைக் கையாண்டிருக்கிறார்கள்.

இவை செய்யும் வேலை என்ன? ஓமத்தின் தைமால், பூண்டை நசுக்கும்போது பிறக்கும் அல்லிசின், மஞ்சளின் குர்குமின் முதலியவை குடலில் உள்ள சில தீய கிருமிகளை அடக்குகின்றன. மிளகின் காரமும் மணமும் செரிமான நீர்களைத் தூண்டுவதாகக் கண்டிருக்கிறார்கள். மஞ்சளும் மிளகும் சேர்வதற்குத் தனிச் சிறப்பு உண்டு. குர்குமின் தனியே உட்கொள்ளப்பட்டால் உடலில் அதிகம் சேர்வதில்லை. மிளகின் பைபரின் உடனிருந்தால் மனித உடலில் அது பல மடங்கு சேர்கிறது என்று பெங்களூரில் நடந்த ஓர் ஆராய்ச்சி 1998இலேயே காட்டியது. ரசத்தில் மஞ்சளோடு மிளகு போடும் வழக்கத்தை நாம் இதற்கு மேல் புகழ வேண்டியதில்லை.

இனி மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. "கோழிக்குக் காரம் ஆகுமா?" என்று ஓர் அம்மையார் கேட்டார். பறவைகளுக்கு மிளகாயின் எரிச்சல் தெரிவதில்லை. கிளி பச்சை மிளகாயைக் கடித்துத் தின்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிவந்த மிளகாயின் நிறம் முட்டையின் மஞ்சட்கருவில் ஏறும். ஆனால் அது முட்டைக்கோழிக்காரர் விஷயம். நாமக்கல் பக்கத்தாருக்கு விட்டுவிடுவோம்.

இவ்வளவும் சொன்னபின் முதிய நெசவாளரின் வினாவுக்கு வருவோம். 40ஆம் எண் நூல் என்றால் ஒரு ராத்தலுக்கு 40 சிட்டம், சிட்டத்திற்கு 840 கெஜம் என்பது தறிக்காரர் அனைவருக்கும் தெரியும். நாளை வரும் நூலும் அதே எண்ணாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பாவு ஓட்டுகிறோம். மஞ்சளுக்கு அந்த உறுதி இல்லை. ஈரோட்டு மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். மேகாலயத்து லக்கடாங் மஞ்சளில் 7 சதவீதத்திற்கும் மேல். நம் ஊரிலேயே ரகத்திற்கு ரகமும், வேகவைத்த பதத்திற்கும் காயவைத்த விதத்திற்கும் ஏற்பவும் இது மாறும். இருப்பு வைத்த காலமும் கணக்கில் சேரும். பூண்டையும் ஓமத்தையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவற்றின் சாரம் ஆவியாகிப் போகும் இயல்புடையது. மூன்று மாதம் கிடங்கில் கிடந்த ஓமப்பொடியில் மணம் போயிருந்தால் மருந்தும் போயிற்று என்றே கொள்ள வேண்டும். ஆகவே "அரை சதவீதம் மஞ்சள்" என்று ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒன்றாகா.

பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அரை சதவீதம் அல்லது ஒரு சதவீதம் மஞ்சள் சேர்த்தபோது எடை கூடியதாகவும், தீவனம் மிச்சமானதாகவும் சில முடிவுகள் கூறுகின்றன. ஒரு வித்தியாசமும் காணவில்லை என்று வேறு சில கூறுகின்றன. அளவு மீறியபோது தீனி எடுப்பது குறைந்ததையும் கண்டிருக்கிறார்கள். வேப்பிலையில் இது நன்கு தெரிந்த சங்கதி. கசப்பு மிகுந்தால் கோழி தட்டை விட்டு விலகிவிடும். கழுவித் துடைத்த சோதனைக் கூடத்தில் எந்தச் சேர்மானமும் பெரிதாகப் பயன் காட்டுவதில்லை என்பதும், நெருக்கடியும் வெப்பமும் அழுக்கும் உள்ள கொட்டகையில்தான் பயன் தெரிகிறது என்பதும் கவனிக்கத்தக்கன. இதை வேறு விதமாகவும் படிக்கலாம். கொட்டகையைச் சுத்தமாக வைத்துக்கொண்டால், பொடி செய்யும் வேலையில் ஒரு பகுதி பொடியில்லாமலேயே நடந்துவிடும்.

இங்கே நம் தவறொன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பிலிருந்த பகுதியில் ஒரு சங்கம் மூலிகைப் பொட்டலங்களை வாங்கி அங்கத்தினர்களுக்கு விற்றது. உறையின் மேல் பதினான்கு மூலிகைகளின் பெயர் அச்சிட்டிருந்தது. எதுவும் எத்தனை கிராம் என்று இல்லை. கொள்முதல் சீட்டு முறையாக இருந்தது, விலைப்புள்ளி மூன்று இருந்தன, குழுத் தீர்மானம் இருந்தது. எல்லாம் பார்த்து நாமும் குறை ஏதும் எழுதாமல் கையொப்பமிட்டோம். பொட்டலத்துள் என்ன இருக்கிறது என்று கேட்பது ஆய்வாளர் வேலை என்று அன்று நமக்குத் தோன்றவில்லை. அங்கத்தினர் ஒருவர், இப்பொடி இருக்கும்போது தடுப்பூசி எதற்கு என்று எண்ணி, 21ஆம் நாளையொட்டிக் கொடுக்க வேண்டிய வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை அந்த ஒருமுறை விட்டுவிட்டார். நான்காம் வாரத்தில் நோய் புகுந்தது. 3,000 கோழிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழியில் போயிற்று. அவர் யாரையும் குறை கூறவில்லை. "பாட்டி காலத்தில் சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்துத்தானே கோழி வளர்த்தோம்" என்று மட்டும் சொன்னார்.

பாட்டி வளர்த்தது பத்துக் கோழி. அவை பகலெல்லாம் குப்பை மேட்டில் மேய்ந்தன. மாலையில் கூடையில் கவிழ்க்கப்பட்டன. வெள்ளைக்கழிச்சல் வந்த கோடையில் அவள் கூடையும் காலியானதுண்டு. அதை நாம் மறந்துவிட்டோம். வெள்ளைக்கழிச்சல் என்பது ராணிக்கெட் நோய். அதைத் தருவது வைரஸ். ஆன்டிபயாடிக் மருந்தே அதை ஒன்றும் செய்யாது, மஞ்சளா செய்யும்? முதல் வாரத்தில் கண்ணில் விடும் சொட்டு, 14ஆம் நாளையொட்டிக் கம்போரோ நோய்க்கான மருந்து, மூன்றாம் வாரத்தில் மறுபடியும் வெள்ளைக்கழிச்சலுக்கு என்று கால்நடை மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நாட்களுக்கு மாற்றாக எந்த மூலிகையும் இல்லை. இரத்தக் கழிச்சலுக்கும் அவ்வாறே. வளர்ச்சிக்கான மருந்துகளையெல்லாம் விலக்கிய ஐரோப்பாவே, இரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்துகளைத் தீவனத்தில் இன்னும் அனுமதிக்கிறது. சங்கம் என்றேனும் பொட்டலம் போடுமானால், "இது தடுப்பூசிக்கு மாற்று அன்று" என்பதைப் பொருளின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

இனிக் கணக்கு. ஒரு கோழி ஆறு வாரத்தில் சுமார் 4 கிலோ தீவனம் தின்று 2.4 கிலோ எடைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். 5,000 கோழிக்கு 20,000 கிலோ தீவனம். அரை சதவீதம் என்றால் 100 கிலோ மஞ்சள். கோழிக்கு 20 கிராம். மஞ்சள் கிலோ 60 ரூபாயானால் பேட்ச்சுக்கு 6,000 ரூபாய், கோழிக்கு 1 ரூபாய் 20 காசு. கிலோ 150 ரூபாயானால் பேட்ச்சுக்கு 15,000, கோழிக்கு 3 ரூபாய். அரவைக் கூலி தனி. இந்த விலை ஏற்றத்தாழ்வு கற்பனையன்று. பல ஆண்டுகள் குவிண்டால் 6,000, 7,000 என்று கிடந்த மஞ்சள் 2024இல் 15,000 ரூபாயைத் தாண்டியதை ஈரோட்டுச் சந்தைக்குப் போனவர்கள் அறிவார்கள்.

இதற்கு ஈடாக வருவது என்ன? அதே எடைக்குக் கோழி 100 கிராம் தீவனம் குறைவாகத் தின்றால், தீவனம் கிலோ 40 ரூபாய் என்ற கணக்கில் 4 ரூபாய் மிச்சம். மஞ்சள் விலை ஏறியிருந்தாலும் இலாபம். 25 கிராம் மட்டுமே குறைந்தால் மிச்சம் 1 ரூபாய். மஞ்சள் விலை இறங்கியிருந்தாலும் நஷ்டம். ஆகவே பேச்சு முழுவதும் 25 கிராமா 100 கிராமா என்பதில்தான் நிற்கிறது. 100 கிராம் என்பது 4 கிலோவில் நாற்பதில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்து, "இந்தத் தடவை கோழி நல்லாப் பளபளப்பா இருக்குதுங்க" என்று சொல்லித் தெரிந்துகொள்ளக்கூடிய வித்தியாசமன்று அது. தீனித்தட்டின் விளிம்பைக் கோழியின் முதுகு மட்டத்திற்கு உயர்த்தாமல் விட்டாலே அதைவிட அதிகமாகக் கூளத்தில் சிந்திவிடும். தட்டை உயர்த்துவதற்கு மஞ்சள் வேண்டியதில்லை. கயிற்றைச் சுருக்கினால் போதும்.

மிச்சமாகும் அந்த 4 ரூபாய் யாருக்குச் சேரும் என்பது அடுத்த வினா. கூட்டத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நமக்கு அது வியப்பளித்தது. நம் பகுதியில் பெரும்பாலான கொட்டகைகள் ஒப்பந்த முறையில் நடக்கின்றன. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகையும் மின்சாரமும் தண்ணீரும் உழைப்பும் நம் அங்கத்தினருடையவை. உயிரெடைக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தரப்படுகிறது. தீவனம் மிச்சமானால் கூலியில் சிறிது ஊக்கத்தொகை கூடும். மிச்சத்தின் பெரும்பகுதி தீவனத்திற்கு உரியவரிடமே போகும். அங்கத்தினர் தம் கைப்பணத்தில் மஞ்சள் வாங்கிக் கம்பெனித் தீவனத்தை மிச்சப்படுத்திக் கொடுப்பது தருமமாக இருக்கலாம், வியாபாரமாகாது. மேலும் கம்பெனியின் சம்மதமின்றி அவர்கள் தீவனத்தில் எதையும் கலப்பது ஒப்பந்தத்தை மீறுவதாகவும் முடியலாம். பேட்ச்சில் சாவு கூடினால், "நீர் கலந்ததால்தான்" என்ற சொல் நிச்சயம் வரும். அப்போது சங்கத்துப் பொட்டலம் சாட்சிக் கூண்டில் நிற்கும்.

கலப்பதிலும் சிக்கல் உண்டு. கம்பெனித் தீவனம் பெரும்பாலும் குருணையாகவோ, அழுத்திச் செய்த பெல்லட்டாகவோ வருகிறது. அதன்மேல் பொடியைத் தூவினால் பொடி தட்டின் அடியில் தங்கும். கோழி பெல்லட்டைப் பொறுக்கித் தின்றுவிட்டு மஞ்சளை நமக்கே விட்டுவைக்கும். சரி, தண்ணீரில் கலப்போம் என்று சிலர் கிளம்பினர். மஞ்சள் தண்ணீரில் கரைவதில்லை. குழாயில் செலுத்தினால் நிப்பிள் அடைபடும். கஷாயத்தின் சக்கை குழாயின் உட்புறம் வழவழவென்று படிந்து, விலக்க நினைத்த கிருமிக்கே வீடாகும். தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் குளோரின் கலந்த நீரே கூடாது என்னும்போது, கிருமியை அடக்கும் கஷாயத்தை அன்று ஊற்றுவது மருந்தைக் கொன்றுவிட்டுக் கோழிக்குக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே இந்த யோசனை பொருந்தக்கூடியவர்கள் யார் என்றால், மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தாமே வாங்கி அரைத்துத் தூளாகத் தீனி போடுபவர்கள். சொந்தமாக இறைச்சிக்கோழி வளர்க்கும் சிலரும், ஐந்நூறு ஆயிரம் என்று நாட்டுக்கோழி வைத்திருக்கும் நெசவாளர் குடும்பங்களும் இவ்வகையினர். தறி நின்ற மாதங்களில் வீட்டுச் செலவைத் தாங்குவது அக்கோழிகளே என்பதை நம் வருகைகளில் பலமுறை கண்டிருக்கிறோம். தீவனமும் அவர்களுடையது, மிச்சமும் அவர்களுடையது. அவர்கள் கூட, ஒரு டன்னுக்கு 5 கிலோ மஞ்சளை மண்வெட்டியால் புரட்டிக் கலக்கலாகாது. முதலில் 50 கிலோ மக்காச்சோளத் தூளில் சீராகக் கலந்து, அதன்பின் அதை முழுத் தீவனத்தில் கலக்க வேண்டும். சாயத்தொட்டியில் சாயத்தை முதலில் சிறு பாத்திரத்தில் கரைத்துக்கொள்ளும் தறிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூண்டும் ஓமமும் அரைத்த வாரத்திலேயே பயன்பட வேண்டும். பொட்டலம் போட்டு மாதக்கணக்கில் அடுக்கும் யோசனையிலிருந்து அவை இரண்டையும் எடுத்துவிடுவதே நலம்.

தீர்மானத்தில் நம்மை மிகவும் உறுத்திய சொல் "கடைசி விலைக்குப் போகும் கிழங்கு" என்பதுதான். விலை ஏன் இறங்கியது? உடைந்ததனால் என்றால் குற்றமில்லை. உடைந்த விரலியிலும் குர்குமின் உண்டு. மழையில் நனைந்து, பூஞ்சை பிடித்து, அதனால் இறங்கியது என்றால் அது கோழிக்கு நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று கண்டார்கள். அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அது ஈரலைத் தாக்கும். இறைச்சிக்கோழிக் குஞ்சு அதைத் தாங்காது. சரியாகக் காயாத மஞ்சளிலும் மிளகாயிலும் அந்தப் பூஞ்சை வரக்கூடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நல்ல மஞ்சளை அரை சதவீதம் சேர்த்தால் அஃப்ளடாக்சினின் கேடு ஓரளவு தணிகிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நல்ல மஞ்சள் நஞ்சைத் தணிக்கும். கெட்ட மஞ்சள் நஞ்சைக் கொண்டுவரும். இரண்டும் அரைத்தபின் ஒரே நிறம்.

நிறம் என்றதும் இன்னொன்று. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் ஏற்றுவதற்காக ஈயக் குரோமேட் என்னும் சாயப்பொடியைப் பூசி வந்ததை 2019இல் ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படுத்தினர். மெருகு போடும் இடத்தில் நடந்த வேலை அது. ஈயம் உடலில் தங்கும் நஞ்சு. அதிலும் குழந்தைகளுக்குப் பெருங்கேடு. நம் அங்கத்தினர் களத்திலிருந்து நேரே வரும் மஞ்சளில் அந்தப் பயம் இல்லை. சங்கம் வெளிச்சந்தையில் மலிவாகக் கிடைத்த தூளை வாங்கிக் கூட்டத் தொடங்கினால் பயம் உண்டு. மஞ்சள் ஏறிய ஆண்டில், அங்கத்தினர் தம் சரக்கைச் சங்கத்திற்குத் தராமல் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். அப்போது இயந்திரத்தைச் சும்மா நிறுத்தி வைக்க மனமின்றி, செயலாளர் வெளித்தூளைத் தேடிப் போவார். இதைக் கற்பனையால் சொல்லவில்லை. வேறு பொருள்களில் இவ்வாறு நடந்ததைத் தணிக்கைக் குறிப்புகளில் எழுதிக் கை சலித்திருக்கிறோம்.

எனவே சோதனையை எப்படிச் செய்வது என்பதையும் கூறிவிடுகிறோம். சொந்தத் தீவனம் போடும் அங்கத்தினர் ஒருவரின் கொட்டகையை நடுவில் வலை கட்டி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரே நாளில் வந்த ஒரே குஞ்சுகளை எண்ணி இரு பக்கமும் விட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் டன்னுக்கு 5 கிலோ மஞ்சள். மிளகு இப்போது வேண்டாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பயன் எதனால் வந்தது என்று தெரியாது, மிளகின் விலையையும் கேட்க வேண்டும். வாரந்தோறும் இரு பக்கத்திலும் ஐம்பது கோழிகளைக் கைக்கு வந்தபடி பிடித்து நிறுக்க வேண்டும். கொழுத்ததைத் தேடிப் பிடிக்கலாகாது. மூட்டைக் கணக்கும் சாவுக் கணக்கும் தனித்தனி நோட்டில் இருக்க வேண்டும். நம் ஊர்க் கொட்டகைகளில் மேற்குக் கோடி மாலை வெயிலில் காயும். கிழக்குப் பாதி சற்றுக் குளிர்ச்சி. முதல் பேட்ச்சில் மஞ்சள் கிழக்கே போனால் இரண்டாவதில் மேற்கே போக வேண்டும். மூன்றில் ஒரு பேட்ச்சாவது சித்திரை வைகாசி வெயிலில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். தடுப்பூசி இரு பக்கமும் ஒன்றே. நிறுக்கும் ஆள் மஞ்சள் விற்பவராகவோ அவருக்கு உறவாகவோ இருத்தல் கூடாது. முதல் பேட்ச்சுக்கான மஞ்சளில் ஒரு கைப்பிடி எடுத்து முத்திரையிட்டு, குர்குமின், ஈயம், அஃப்ளடாக்சின் மூன்றிற்கும் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சீட்டில் வரும் சதவீதம்தான் நம் பொடியின் எண்.

செலவு என்ன ஆகும்? 2,000 கோழிக் கொட்டகையில் பாதிக்கு மஞ்சள் 20 கிலோ. சோதனைக் கட்டணமும் வலையும் சேர்த்தாலும் அரவை இயந்திரத்தின் விலைக்கு அருகில் கூட வராது. முடிவு சாதகமாக வந்தால், இயந்திரத்திற்குப் பணம் ஒதுக்கலாம் என்று பரிந்துரைப்பதில் நமக்குத் தயக்கமில்லை. மஞ்சள்காரருக்கு விலை இறங்கிய ஆண்டில் ஒரு வடிகால் கிடைக்கும்; கோழிக்காரருக்குத் தெருவில் வரும் பொட்டலக்காரனிடமிருந்து விடுதலை கிடைக்கும். முடிவு பாதகமாக வந்தால் மூன்று நோட்டுப் புத்தகங்கள் சங்கத்தில் மிஞ்சும். அடுத்து வரும் பொட்டலக்காரனிடம் அவற்றைக் காட்டலாம்.

தீர்மானம் கொணர்ந்தவர்களில் மூத்தவர் இக்கருத்துக்களைக் கேட்டுச் சற்று வருந்தினார் என்பதை மறைக்கவில்லை. "எங்கள் மஞ்சளைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்றார். பின்னர் இரண்டு நாள் கழித்து அவரே சங்கத்திற்கு வந்து, முதல் பேட்ச்சுக்கு வேண்டிய 20 கிலோவைத் தாம் இலவசமாகத் தருவதாகவும், தம் முன்னிலையில் நிறுக்க வேண்டும் என்றும் சொல்லிப் போயிருக்கிறார். இலவசம் வேண்டாம், அன்றைய சந்தை விலையைச் சங்கம் கொடுக்கட்டும், இல்லாவிடில் கணக்கு பொய்க்கும். முன்னிலையில் நிறுக்கலாம். எதிர்ப்பக்கத்தில் அந்த முதிய நெசவாளரை நிற்கச் சொல்லியிருக்கிறோம், அவரும் ஒப்புக்கொண்டார். தராசு சங்கக் கிடங்கில் இருக்கிறது. அதன் முத்திரை இவ்வாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் செயலாளர் பார்த்து நமக்கு எழுதட்டும்.